திரை விலகட்டும்

மாசி மகத்தன்று எங்கள் புதுச்சேரியின் வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்றவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். உள்ளூர்க் கோயில்களிலிருந்து மட்டுமல்லாமல் மயிலம், திண்டிவனம், தீவனூர் போன்ற ஊர்களிலிருந்தும் உற்சவ மூர்த்திகள் எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருள்வார்கள். மேளமும் அலையோசையும் கலந்து ஒலிக்கும். ஒரே வெயிலில், ஒரே மணலில், சைவரும் வைணவரும் தோளோடு தோள் நிற்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காட்டிய காட்சி அது.

அண்மையில் ஒரு மாசி மகத்தில் மயிலம் முருகனுக்குத் தீபாராதனை நடக்கும் வேளையில் கூட்டத்தின் நடுவே நின்றிருந்தேன். கற்பூரம் ஏற்றிய அந்தக் கணத்தில் எனக்கு முன்னே ஐம்பது அறுபது கைகள் உயர்ந்தன. அவை கூப்பிய கைகளாக இல்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி இருந்தது. சுவாமியும் தெரியவில்லை, தீபமும் தெரியவில்லை. என் அருகில் நின்றிருந்த மூதாட்டி ஒருவர், எண்பதைத் தொட்டிருப்பார், எட்டி எட்டிப் பார்த்தார். முடியவில்லை. பிறகு என்ன செய்தார் தெரியுமா? தமக்கு முன்னே நின்ற இளைஞன் உயர்த்திப் பிடித்திருந்த கைப்பேசியின் திரையில் சின்னஞ்சிறியதாகத் தெரிந்த முருகனைப் பார்த்துக் கை கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அந்த அம்மாளுக்கும் அந்த இளைஞனுக்கும் இடையே அடுத்து நிகழ்ந்ததை இக்கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். ஏனெனில் இந்த வாரம் நான் பேச விரும்பும் பொருள் முழுவதும் அந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது.

கோயில்களுக்கும் யாத்திரைத் தலங்களுக்கும் செல்கிற நம்மைப் போன்ற மூத்தவர்கள் இன்று அங்கே காணும் புதிய கருவிகளைப் பற்றி என்ன உணர்கிறோம்? இணையவழி முன்பதிவு, உண்டியலருகே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு, ரோப் கார், பேட்டரி கார், நேரலை தரிசனம், கண்காணிப்புக் கேமரா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒன்று கூடுகிறது. இவற்றை எல்லாம் கலியின் கோலம் என்று தள்ளுவோர் நம்மிடையே உண்டு. எல்லாம் வசதிதானே என்று கொள்வோரும் உண்டு. இரண்டு பேச்சையும் நான் என் வீட்டுத் திண்ணையிலேயே கேட்கிறேன். என் அனுபவத்தில் இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

சீட்டு உள்ளே, நாங்கள் வெளியே

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு புகழ்பெற்ற தலம் ஒன்றுக்குச் சென்றேன். கோயிலின் பெயர் வேண்டாம். குறை சொல்வது என் நோக்கமன்று. அக்காவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. முழங்கால் வலி. அந்தச் சுவாமியை ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேண்டுதல். முன்பதிவு, தங்குமிடம், வண்டி எல்லாவற்றையும் நானே கைப்பேசியில் ஏற்பாடு செய்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் அல்லவா, இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அங்கே போனதும் முதல் வாயிலில் கைப்பேசியை ஒப்படைக்கச் சொன்னார்கள். நியாயமான விதி. ஒப்படைத்துவிட்டு, அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நீண்ட வளைவு வரிசையில் நடந்து இரண்டாம் வாயிலை அடைந்தோம். அங்கிருந்த இளைஞர் முன்பதிவுச் சீட்டைக் காட்டச் சொன்னார். சீட்டு கைப்பேசிக்குள் இருந்தது. கைப்பேசி முதல் வாயிலில் இருந்தது. அச்செடுத்துக் கொண்டு வரவேண்டும் என்று எங்கோ எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அக்காவை அங்கே ஒரு தூண் ஓரமாக உட்கார வைத்துவிட்டு நான் திரும்பி ஓடி, கைப்பேசியைப் பெற்று, வெளியே ஒரு கடையில் அச்செடுத்துக் கொண்டு வருவதற்குள் எங்களுக்குக் குறித்த நேரம் கடந்துவிட்டது. அந்த இளைஞர் கெட்டவர் அல்லர். "ஐயா, மிஷின் ஏத்துக்க மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவருக்கு இரக்கம் இருந்தது, அதிகாரம் இல்லை.

அக்கா என்னைத்தான் தேற்றினார். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்டா. இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன். அடுத்த தடவை உள்ளே கூப்பிடுவார்" என்று சொல்லி, வெயிலில் நின்று கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அவருடைய முழங்கால்கள் அவ்வளவு தொலைவுப் பயணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

அன்றிரவு விடுதியில் எனக்கு உறக்கம் வரவில்லை. தரிசனம் தவறிய வருத்தம் ஒருபுறம். "மிஷின் ஏத்துக்க மாட்டேங்குது" என்ற அந்தச் சொல் மறுபுறம். அதை நான் முன்பே கேட்டிருந்தேன். கேட்டிருந்தேன் என்றா சொன்னேன்? இல்லை. சொன்னவனே நான்தான்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம்

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் பணம் எடுக்க வருபவருக்குப் பித்தளை டோக்கன் கொடுப்போம். அவர் பெஞ்சில் அமர்ந்திருப்பார். பேரேட்டில் கையெழுத்தைச் சரிபார்த்து எண்ணைச் சொல்லி அழைப்போம். அந்தப் பத்து நிமிடங்களில் அவருடைய மகளின் திருமணம் முதல் பசுமாட்டின் கன்று வரை எல்லாச் செய்தியும் எங்களுக்கு வந்துவிடும். பிறகு கணினி வந்தது. பேரேடு போயிற்று. ஏடிஎம் வந்தது. டோக்கனும் போயிற்று. வேலை விரைவாயிற்று, தவறு குறைந்தது. அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்கு இன்றும் குற்றவுணர்வு இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் என்று சொல்வது வழக்கம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை இவ்வூரில் அவ்வாறுதான் அழைப்பார்கள். அப்படி ஒருவருடைய விதவை மனைவி மாதந்தோறும் பென்ஷன் பணம் எடுக்க வருவார். கைநாட்டு வைப்பவர். ஏடிஎம் அட்டையை அவர் கையில் கொடுத்து இனி இதில்தான் எடுக்க வேண்டும் என்றேன். "இந்தப் பெட்டிக்கு என்னைத் தெரியுமா, ஐயா?" என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "தெரிய வேண்டாம்மா. நம்பர் தெரிந்தால் போதும்" என்றேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. பேரனை அனுப்பினார். அதன் பிறகும் பேரன்தான் வந்தான். அந்தப் பணம் முழுவதும் பாட்டி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு இடமும் இல்லை, பெஞ்சைத்தான் எடுத்துவிட்டோமே.

கருவியைக் கொண்டு வந்தது தவறன்று. அந்த அம்மாளுக்காக ஒரு நாற்காலியையும் ஒரு மனிதரையும் அங்கே விட்டுவைக்காததே தவறு. இதை உணர எனக்கு ஓர் இரண்டாம் வாயிலும் அக்காவின் கோபுர தரிசனமும் தேவைப்பட்டன.

கோயிலுக்கு இயந்திரம் புதிதன்று

கருவிகளையே கோயிலுக்குள் விடக் கூடாது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கோயில்களே அவ்வக் காலத்தின் உயர்ந்த தொழில்நுட்பத்தால் எழுந்தவைதாம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை நிமிர்ந்து பார்ப்பவர்கள் முதலில் பக்தியாலும் அடுத்துப் பொறியியல் வியப்பாலும் வாயடைத்துப் போகிறார்கள். கும்பகோணம் நாகேஸ்வர சுவாமி கோயிலில் சித்திரை மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் காலைக் கதிரவனின் ஒளி கருவறைக்குள் புகுந்து லிங்கத் திருமேனியில் படுகிறது. அதற்காகக் கதிரவனின் போக்கைக் கணித்து வாயில்களை வகுத்த சிற்பியின் கணக்கு எத்தனை நுட்பமானதாக இருந்திருக்க வேண்டும்!

பழனியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ எழுநூறு படிகள். 1966-இல் அங்கே மின் இழுவை ரயில் வந்தது. அதை நாம் 'விஞ்ச்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 2004-இல் ரோப் கார் வந்தது. படியேறுவதே விரதம் என்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். முழங்கால் தேய்ந்தவர்களும், மாற்றுத்திறனாளிகளும், கைக்குழந்தையை ஏந்திய தாய்மார்களும் இன்று மலை மேல் நிற்பதைப் பார்த்தால் அந்த முணுமுணுப்பு அடங்கிவிடும். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். யோக நரசிம்மரை இளமையில் தரிசித்து, முதுமையில் அடிவாரத்தோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 2024-இல் அங்கும் ரோப் கார் இயங்கத் தொடங்கியது. படியேற விரும்புபவர்களுக்குப் படி அப்படியே இருக்கிறது. ஏற முடியாதவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. எதையும் மூடாமல் ஒன்றைத் திறக்கும் கருவி என்று இதைச் சொல்வேன்.

திருவாரூர் ஆழித்தேரையும் நினைத்துப் பாருங்கள். தொண்ணூற்றாறு அடி உயரமாக அலங்கரிக்கப்பட்டு அசைந்து வரும் அந்தப் பெருந்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் திருச்சி பெல் நிறுவனம் அமைத்துத் தந்தது. முட்டுக்கட்டை போடுபவர்களின் உயிருக்கு இருந்த ஆபத்து அதனால் குறைந்தது. ஆனால் தேரை முன்னே இழுப்பது எது? வடம் பிடிக்கும் மக்கள் கைகள்தாம். ஓர் இயந்திரத்தைப் பூட்டித் தேரை வீதியில் ஓட்டிவிட முடியாதா? முடியும். அப்போது அது தேர் ஓட்டமாக இருக்கும், தேரோட்டமாக இராது. எங்கள் ஊருக்கு அருகே வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் ஆளுநரே வந்து மக்களோடு வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடரும் மரபு. ஆளுநரின் கைக்கும் கூலித் தொழிலாளியின் கைக்கும் வடம் ஒன்றே.

சக்கரத்திலும் பிரேக்கிலும் எவ்வளவு வேண்டுமானாலும் இயந்திரம் இருக்கட்டும். வடம் நம் கையில் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் தெளிவு இதுதான்.

மறுதலையான ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்று பல கோயில்களில் பூசை வேளையில் மின்விசையை அழுத்தியதும் முரசும் மணியும் தாமாகவே முழங்கும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் சம்பளம் கொடுக்க இயலாத சிறிய கோயில்களின் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்தப் பெட்டியின் ஓசையில் சிறு குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். அதே குழந்தைகள் மணியின் கயிற்றை இழுக்கக் கிடைத்தால் துள்ளுகிறார்கள். அங்கே வடம் நம் கையைவிட்டுப் போய்விட்டது.

கண்ணில் படாத கருவி

புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பார்க்க விரும்பும் இடங்களில் ஒன்று, நகரத்துக்கு வடக்கே ஆரோவில்லில் உள்ள மாத்ரிமந்திர். அன்னையின் கனவில் உருவான நகரம் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பொன்னிறக் கோளமாகத் தோன்றும் மாத்ரிமந்திரின் உள் அறையில் சுமார் எழுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பளிங்குக் கோளம் இருக்கிறது. ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. மேற்கூரையின் மீது ஹீலியோஸ்டாட் என்னும் கருவி அமைந்திருக்கிறது. கணினியின் துணையால் அது கதிரவனின் போக்கைப் பின்தொடர்ந்து, கண்ணாடிகளின் வழியாக ஓர் ஒளிக்கற்றையைக் கீழே உள்ள பளிங்கின் மீது விழச் செய்கிறது. அவ்வளவு நுட்பமான கருவி அது. ஆனால் உள்ளே அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒளி மட்டும் தெரிகிறது. அமர வருபவர்களும் தங்கள் கைப்பேசியையும் கேமராவையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும்.

ஒருமுறை அங்கிருந்து வெளியே வந்தபோது, வடநாட்டிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி பேசிக்கொண்டதைக் கேட்டேன். அரை மணி நேரம் கைப்பேசி இல்லாமல் இருந்ததே தங்களுக்குப் பெரிய ஓய்வாக இருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். நாம் நினைப்பதைவிட இளைஞர்கள் இந்தக் கருவியால் களைத்துத்தான் போயிருக்கிறார்கள். கீழே வைக்கச் சொல்ல யாரேனும் ஒருவர் வேண்டும் என்று அவர்களே காத்திருக்கிறார்கள் போலும்.

நாகேஸ்வர சுவாமி கோயில் சிற்பியும் ஆரோவில்லின் பொறியாளரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். இருவரும் ஒளிக்கு வழி அமைத்துவிட்டுத் தாங்கள் மறைந்துகொண்டார்கள். ஆன்மிகத் தலத்தில் கருவிக்கு இதைவிட உயர்ந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயிலைப் பற்றிய வழக்கில் பிறந்த உத்தரவு அது. பழனியில் 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் கைப்பேசியை வெளியே வை என்று சொல்லும் கோயில், சீட்டைக் கைப்பேசியில் காட்டு என்றும் சொல்லலாகாது. எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல் நிற்பவர் பெரும்பாலும் வயதானவராகவே இருப்பார்.

ஏழுமலையான் சந்நிதியில் ஒரு பாடம்

கருவியின் பயனையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் இடம் திருமலை. நாள் ஒன்றுக்குப் பல்லாயிரம் பேர் வரும் தலத்தில் வரிசையை முறைப்படுத்தத் திருப்பதி தேவஸ்தானம் கணினியை வெகு காலமாகவே பயன்படுத்தி வருகிறது. முன்பு இரவு பகலாகக் கூண்டுகளில் காத்துக் கிடந்தவர்கள் பலர் இன்று நேரம் குறித்துக்கொண்டு வருகிறார்கள். முந்நூறு ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டை வீட்டிலிருந்தபடியே எடுக்க முடிகிறது. இது பெரிய உதவிதான்.

கொரோனா காலத்தில், 2021 செப்டம்பரில், இலவசமான சர்வ தரிசன டோக்கனையும் இணையத்தின் வழியாகவே தேவஸ்தானம் வழங்கியது. கூட்டம் கூடக் கூடாது என்ற அன்றைய நிலையில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. ஆனால் டோக்கன்கள் வெளியிட்ட சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோயின. விரைவான இணையமும் விரைவான விரலும் உள்ளவர்களுக்கே அவை கிடைத்தன. கிராமத்துப் பக்தர்கள் என்ன செய்வார்கள் என்ற குரல் எழுந்தது. 2022 பிப்ரவரியில் திருப்பதியில் நேரிலேயே டோக்கன் வழங்கும் கவுன்டர்கள் மீண்டும் திறக்கப்பட்டன. திறந்ததும் கவுன்டர்கள் முன் மக்கள் திரண்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது என் வங்கியின் பெஞ்சு என் நினைவுக்கு வந்தது. சர்வ தரிசனம் என்றாலே எல்லோருக்குமான தரிசனம். கையில் கருவி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்தால் அந்தப் பெயருக்கே பொருள் இல்லாமல் போகும். ஒரு கவுன்டர், அதற்குப் பின்னால் ஒரு மனிதர், அவருக்குச் சிறிது அதிகாரம். இந்த மூன்றையும் எந்தக் கோயிலும் எடுத்துவிடக் கூடாது. எனக்குக் கிடைத்த இரண்டாவது தெளிவு இது.

லட்சுமி நின்ற இடம்

மணக்குள விநாயகர் கோயிலுக்கு வருபவர்கள் இன்றும் வாயிலில் ஒரு கணம் தயங்குகிறார்கள். லட்சுமி நின்ற இடத்தைக் கண்கள் தேடுகின்றன. கால் நூற்றாண்டுக்கு மேல் எங்கள் ஊரின் செல்லப் பெண்ணாக இருந்த யானை அது. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது வீதியிலேயே சரிந்து உயிர்விட்டது. அன்று ஊரே அழுதது. வீதியெங்கும் மலர்கள். மதம் பாராமல் மக்கள் திரண்டு வழியனுப்பினார்கள்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, 2023 பிப்ரவரியில், கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் ஓர் இயந்திர யானையை விலங்கு நல அமைப்பு ஒன்று காணிக்கையாக அளித்தது. சுமார் பத்தரை அடி உயரம். காதை அசைக்கும், துதிக்கையைத் தூக்கும், மின்சாரத்தால் இயங்கும். உயிருள்ள யானையைச் சங்கிலியிலும் வெடிச் சத்தத்திலும் வாட்ட வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. அதில் தர்மம் இருக்கிறது. உற்சவத்தில் திடம்பு ஏந்துவதற்கு அது போதும் என்றே கொள்வோம். ஆனால் எங்கள் ஊரில் யாரிடமேனும் லட்சுமிக்குப் பதிலாக அப்படி ஒன்றை வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. உச்சந்தலையில் பட்ட அந்த ஈரத் துதிக்கையின் கனத்தை அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். யானையை வருத்தாமல் இருப்பதற்கு இயந்திரம் உதவும். யானையின் ஆசியை அது தர வேண்டும் என்று நாமும் எதிர்பார்க்க வேண்டாம். தருவதாக அதுவும் சொல்லவில்லை. காலியான இடம் காலியாகவே இருந்தாலும் குற்றமில்லை. நினைவுக்கும் ஓர் இடம் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

தேவஸ்தானங்களுக்குச் சொன்னது போதும். நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியவையும் சில உண்டு. வங்கியில் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலாவதாக, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். இந்தக் கருவிகள் நாம் படித்த காலத்தில் இல்லை; அவ்வளவுதான். முன்பதிவு செய்தால் அதைத் தாளில் அச்செடுத்து, ஆதார் நகலுடன் மடித்துப் பையில் வையுங்கள். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தாலும், வாயிலில் வாங்கி வைத்துக்கொண்டாலும் தாள் தாளாகவே இருக்கும். உடன் வருபவரின் எண்ணையும் தங்கும் இடத்தின் முகவரியையும் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை ஒப்படைத்த பிறகு கூட்டத்தில் பிரிந்து போனால் அந்த அட்டைதான் துணை.

இரண்டாவதாக, கோயில் அறை, பிரசாதம், தரிசனச் சீட்டு என்ற பெயரில் போலி இணையதளங்கள் உலவுகின்றன. கோயிலின் அதிகாரபூர்வ தளத்தின் பெயரைக் கோயில் அலுவலகத்திலோ அச்சிட்ட அறிவிப்பிலோ பார்த்து உறுதி செய்த பின்னரே பணம் கட்டுங்கள். கியூஆர் கோட்டில் காணிக்கை செலுத்தும்போது திரையில் தோன்றும் பெயர் கோயிலின் பெயர்தானா என்று படித்துப் பாருங்கள். ஐயம் வந்தால் உண்டியல் இருக்கவே இருக்கிறது. அது யாருடைய கடவுச் சொல்லையும் கேட்பதில்லை. ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் யார் கேட்டாலும், கோயிலிலிருந்து பேசுகிறேன் என்றாலும், சொல்லாதீர்கள்.

மூன்றாவதாக, பேரக் குழந்தைகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நம் பங்குக்கு அவர்களுக்கும் ஒன்று கற்றுக் கொடுக்கலாம். தீபாராதனை காட்டும் அந்த அரை நிமிடம் மட்டும் கைப்பேசியைத் தாழ்த்திவிடு, கண்ணால் பார், பிறகு எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று அன்பாகச் சொன்னால் கேட்கும் பிள்ளைகள்தாம் அவர்கள். அதட்டினால் மட்டுமே கேட்க மாட்டார்கள்.

திரையின் இரண்டு முகங்கள்

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் கணக்கு நேராகாது. இப்போது அவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறார். காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தொலைக்காட்சியின் முன்னே ஒரு சிறு அகலை ஏற்றி வைக்கிறார். திருமலையிலிருந்து வரும் நேரலை முடியும் வரை காபி கிடையாது. அந்தச் சமயம் நான் செருப்புக் காலோடு அறைக்குள் நுழைந்துவிட்டால் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும். "இதுவும் சந்நிதிதான்டா" என்பார். இரண்டாம் வாயிலில் அவரைத் தடுத்தது ஒரு திரை. இன்று அவரை உள்ளே அழைப்பதும் ஒரு திரை. கருவியின் மீது கோபம் கொள்ள எனக்கு அவர் இடமே வைக்கவில்லை.

கோயிலில் அலங்காரம் நடக்கும்போது சந்நிதிக்கு முன்னே திரை போடுவார்கள். அந்தத் திரையை யாரும் குறை சொல்வதில்லை. ஏனென்றால் அது உரிய நேரத்தில் விலகும் என்பது நமக்குத் தெரியும். மணி ஒலிக்கும், திரை விலகும், சுவாமி நிற்பார். கையிலுள்ள திரைக்கும் அந்த ஒழுங்கைக் கற்பித்துவிட்டால் போதும் என்று தோன்றுகிறது.

இனி வைத்திக்குப்பத்துக்கு வருவோம். அந்த மூதாட்டி இளைஞனின் கைப்பேசித் திரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார் என்றேன் அல்லவா? அவர் முருகனை அழைத்த குரல் காதில் பட்டு அவன் திரும்பிப் பார்த்தான். அவருடைய கண்கள் எங்கே நிலைத்திருக்கின்றன என்பதைக் கண்டான். அவனுக்குப் புரிந்தது. கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான். ஒன்றும் பேசாமல் அவருடைய தோளைப் பற்றித் தனக்கு முன்னே நிறுத்தி, பின்னாலிருந்து தள்ளியவர்களைத் தன் முதுகால் தாங்கிக்கொண்டான். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மயிலம் முருகனை அந்த அம்மாள் நேருக்கு நேராகக் கண்டார்.

அவன் தலைக்கு மேலாக நானும் தரிசித்தேன். அக்காவுக்காகவும் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.